தேய்மானம்

முதல் வருடம் தேய்மானம் படிப்பித்தேன்.
ஒரு லொறி, பத்து வருட ஆயுள்,
வருடத்துக்குப் பத்திலொன்றாய் எழுதிக் கழி.
வாடகைக் கட்டட யன்னலுக்கு வெளியே
உள்துறைமுகம்
யாரும் கழிக்காத நீலத்தில் கிடந்தது.
மின்சாரம் போனால் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு
ஷெல் சத்தம் எந்தப் பக்கம் என்று
எல்லோருமாய்க் காது கொடுப்போம்.
நிலைபேறு என்ற சொல்
அப்போது கோயில் பிரசங்கத்தில் மட்டும் அடிபட்டது.

பிறகு கடல் வந்து போனது.
கணக்குத் தெரிந்தவள் என்று
நிலாவெளிக்கு என்னை அனுப்பினார்கள்.
உடைந்த வள்ளம் நாற்பத்தொன்று என எழுதினேன்.
மூன்று நிறுவனங்கள் என் ஒரே பட்டியலைப் பார்த்து
மூன்று முறை கொடுத்தன.
நூற்றிருபத்து மூன்று வள்ளங்கள், புதுப் பெயின்ற் மணத்தோடு
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கரையில் நின்றன.
இரண்டாம் வருடம்
இக்பால் நகர் நசூறுதீன் வலையைத் தூக்கிக் காட்டினார்:
அரை விரல் நீளத்தில் சூடை.
"வள்ளத்துக்கு எல்லாரும் குடுத்தாங்க டீச்சர்,
மீனுக்கு ஆரும் நிவாரணம் குடுக்கல்ல."
என் கலாநிதிப் பட்டம் அந்த வசனத்தில் தொடங்கியது.
நன்றியுரையில் அவர் பெயர்
எழுத்துப் பிழையோடு இருக்கிறது.

அதற்குப் பிறகு விமானங்கள்.
ஒஸ்லோவில், பாங்கொக்கில், குளிரூட்டிய மண்டபங்களில்
சூடையின் நீளத்தை வரைபடமாக்கிக் காட்டினேன்.
பறந்ததில் எவ்வளவு எண்ணெய் எரிந்தது என்று
ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன்.
தாள் இருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை.

ஊரில் ஹோட்டல்காரர் பச்சைச் சான்றிதழ் கேட்டு வந்தார்கள்.
துவாயைத் தினமும் தோய்க்கத் தேவையில்லை என்று
அறையில் ஒரு அட்டை வைத்தால் அரைப் புள்ளி.
என் கையொப்பம் வரவேற்பறையில் கண்ணாடிக்குள்
நாலு வருடம் தொங்கியது.
ஒரு பின்னேரம் உப்புவெளிக் கரையால் நடக்கையில்
அதே மதிலின் பின்னால் ஒரு குழாய்
சவர்க்கார நுரையைக் கடலுக்குள் விட்டுக்கொண்டிருந்தது.
உள்ளே போய், சட்டத்தைக் கழற்றுங்கள் என்றேன்.
முகாமையாளர் எழுந்து நின்றான்,
என் பழைய மாணவன் அபிநந்தன்.
"ஆணி கழற்ற ஆளில்ல மிஸ், நாளைக்கு அனுப்பிறன்."
அனுப்பவில்லை.
இரண்டு கடிதம் எழுதினேன்.
மூன்றாவதை எழுதவில்லை.

பன்னிரண்டு வருடம் ஒரே கேள்வி கேட்டேன்:
ஐந்தொகையில் கடலை எந்தப் பக்கம் பதிவீர்?
சொத்து என்றார்கள். பொறுப்பு என்றாள் ஒருத்தி.
அரசாங்க உடைமை, பதியத் தேவையில்லை என்றவனுக்கு
ஆறு புள்ளி. சட்டப்படி அவன் சரி.
ஒரு விடைத்தாள் வெறுமையாக வந்தது.
பூச்சியம் போட்டேன்.
சுட்டெண்ணைப் பெயரோடு ஒப்பிட்ட பிறகுதான் தெரிந்தது,
கோபாலபுரத்துப் பெடியன்.
அவன் வீட்டில் ஏழு பேர் இருந்தார்கள்.
இருந்தார்கள்.
பூச்சியத்தை மாற்ற விதியில் இடமில்லை.
கேள்வியை மாற்றினேன்.

நேற்றுக் கோணேசபுரியில் பிரியாவிடை.
பதினொரு பேர் பேசினார்கள்.
"நிலைபேறு மிஸ்" என்ற பட்டப்பெயரை
பீடாதிபதியே மேடையில் சொல்லிச் சிரித்தார்.
நினைவுச்சின்னத்தைப் பொலித்தீன் சுற்றியபடியே தந்தார்கள்.

வரும் வழியில் கோட்டை வாசலில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன்.
ஒரு மான் லஞ்ச் சீற்றை மென்றுகொண்டு நின்றது,
குழம்பு மணம் போகாத சீற்.
கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு
இறங்கிப் போய் இழுத்தேன்.
பாதி என் கையோடு வந்தது.
மான் என்னைப் பார்த்தது,
மெல்லுவதை நிறுத்தவில்லை.

வீட்டு வாசலில் ஆயிரம் ரூபாத் தாளை நீட்டினேன்.
"மிஸ் என்ன பாடம் படிப்பிக்கிறனீங்கள்?"
தொண்டை வரை வந்த நீண்ட பெயரை விழுங்கிவிட்டு
கணக்கு என்றேன்.
"அப்ப நல்லதாப் போச்சு."
இருட்டுக்குள் கசங்கின தாள்களும் குத்திகளுமாய்
உள்ளங்கையை அப்படியே நீட்டினான்:
"மிச்சத்தை நீங்களே பாத்து எடுங்கோ."